வளாகத்தில் தாய்ப்பாலூட்டும் அறை: அமைப்பதும் நடத்துவதும்

பிள்ளை பெற்றபின் வகுப்புக்கோ ஆய்வகத்துக்கோ திரும்பும் தாய்க்குப் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டு தேவைகள் உண்டு: தாழிட்டுக்கொள்ளக்கூடிய ஓர் அறை, அந்த அறைக்குப் போய்வர நேரம். அறையைத் திறந்துவைத்துவிட்டு நேரத்தை மறந்துவிடுவது எளிது என்பதால், திட்டமிடுவோர் நேரத்திலிருந்தே தொடங்குவது நல்லது.

தாய்ப்பாலை மட்டுமே குடிக்கும் குழந்தையைப் பிரிந்திருக்கும் தாய் ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலை எடுத்தாக வேண்டும். மின்சாரப் பம்பைக்கொண்டு இருபுறமும் ஒரே சமயத்தில் எடுத்தாலும் 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். நடந்துபோவது, கைகழுவுவது, கருவியைப் பொருத்துவது, பின்னர் அதைக் கழுவிப் பாலை எடுத்துவைப்பது எல்லாம் சேர்ந்தால் அரைமணி நேரத்தைத் தாண்டிவிடும். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் பால் கட்டி வலியெடுக்கும், அழற்சி ஏற்பட்டுக் காய்ச்சல்கூட வரலாம். பால் வெளியேறாமல் தேங்குவது தொடர்ந்தால் சுரப்பே குறைந்துவிடும். ஆகவே வளாகத்தின் ஒரு மூலையில் அழகான பெரிய அறை ஒன்றைக் கட்டுவதைவிட, வகுப்புகளிலிருந்தும் ஆய்வகங்களிலிருந்தும் ஐந்து நிமிட நடைக்குள் எட்டும்படி எளிய சிறு அறைகள் சிலவற்றை ஒதுக்குவதே மேல்.

கழிப்பறையையோ அதன் முன்கூடத்தையோ இதற்கு ஒதுக்கக் கூடாது. குழந்தை குடிக்கப்போகும் உணவு அங்கே எடுக்கப்படுகிறது என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். அறைக்குள் சாய்ந்து உட்கார ஏற்ற நாற்காலி, கருவியை வைக்கத் துடைக்க எளிதான மேசை, அதற்கருகில் பிளக் பாயிண்ட், மூடியுள்ள குப்பைத்தொட்டி ஆகியவை இருக்க வேண்டும். கைகழுவும் தொட்டி உள்ளேயே அமைந்தால் மிக நன்று, இயலாவிட்டால் அடுத்த அறையிலாவது இருக்கட்டும். சக்கர நாற்காலியைத் திருப்புவதற்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் தேவை. கண்காணிப்புக் கேமரா உள்ளே இருக்கவே கூடாது. கதவில் கண்ணாடி இருந்தால் மறைத்துவிட வேண்டும்.

உள்தாழ்ப்பாளும், ஆள் இருப்பதைக் காட்டும் பலகையும் சிறு விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் பால் இறங்குவதற்கு உதவும் ஆக்ஸிடாசின் என்ற ஹார்மோனின் வேலையைப் பதற்றம் தடுத்துவிடும். யாராவது கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்களோ என்ற அச்சத்தோடு உட்கார்ந்திருப்பவருக்குக் கருவி எவ்வளவு நன்றாக இயங்கினாலும் பால் வருவது தடைபடும். சாவியும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் காவலாளியிடம் காரணம் சொல்லிச் சாவி கேட்க வேண்டியிருந்தால் பலர் அந்த அறையையே தவிர்ப்பார்கள். பதிவு செய்தவருக்குக் கதவைத் திறக்கும் ரகசிய எண்ணைக் கொடுத்துவிடுவதும், நேரம் ஒதுக்கும் அட்டவணையில் பெயர் தெரியாதபடி பார்த்துக்கொள்வதும் இந்தச் சங்கடத்தைத் தீர்க்கும்.

எடுத்த பால் 25 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத அறைவெப்பத்தில் 4 மணி நேரம் வரையும், 4 டிகிரி குளிர்பதனப் பெட்டியில் 4 நாள் வரையும் கெடாது. பனிக்கட்டிப் பைகளோடு கூடிய காப்புப் பெட்டியில் 24 மணி நேரம் வைத்திருக்கலாம். சிறிய குளிர்பதனப் பெட்டி ஒன்றை வைத்து, பெயரும் தேதியும் எழுதிய மூடிய கலங்களை மட்டும் அதில் அனுமதிக்க வேண்டும். வேதிப்பொருளோ உயிரியல் மாதிரியோ வைக்கும் ஆய்வகக் குளிர்பதனப் பெட்டியில், அது எத்தனை அருகில் இருந்தாலும், பாலை வைக்கவே கூடாது. ஆய்வகத்தில் பணியாற்றுபவர் மேலங்கியைக் கழற்றிவைத்து, சோப்பிட்டுக் கைகழுவிய பிறகே கருவியைத் தொட வேண்டும்.

இனி நேரம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு மகப்பேறுப் பாதுகாப்பு உடன்படிக்கை (எண் 183), பாலூட்டும் ஊழியருக்கு நாள்தோறும் இடைவேளையோ வேலைநேரக் குறைப்போ தரப்பட வேண்டும் என்றும், அந்த நேரம் ஊதியமுள்ள பணிநேரமாகவே கருதப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. மாணவியர் ஊழியர் அல்லர் என்பதால் இத்தகைய பாதுகாப்பிலிருந்து நழுவிவிடுகிறார்கள். அவர்களுக்கான விதியைப் பல்கலைக்கழகமே எழுத வேண்டும். நீண்ட தேர்வின் நடுவே இடைவேளை, அதற்கு ஈடான கூடுதல் நேரம், வருகைப்பதிவில் குறைவு வராமை, செய்முறை வகுப்புக்கு மாற்று நேரம், களப்பயணத்திலும் மறைவான இடம் ஆகியவை எழுத்தில் இருந்தால்தான் ஒவ்வொரு ஆசிரியரின் நல்லெண்ணத்தையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்காது.

திரும்பி வரும் தாய், பருவம் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே தம் கால அட்டவணையை எடுத்து, பால் எடுக்க வேண்டிய நேரங்களைக் குறித்து, துறைத்தலைவருக்கோ நெறியாளருக்கோ சுருக்கமாக எழுதிவிடலாம்: எந்த நாள், எந்த நேரம், எவ்வளவு நேரம் என்பது போதும், உடல்நிலை விவரம் எதுவும் தேவையில்லை. குழந்தையையே அழைத்துவரச் செய்து பாலூட்ட விரும்பினால், தந்தையோ பாட்டியோ வாயிலில் தடுக்கப்படாமலிருக்க நுழைவு அனுமதியையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. அறை இருக்கிறது என்பதற்காக நூலகத்திலோ மரத்தடியிலோ பாலூட்டுபவரை எழுப்பி அங்கே அனுப்பக் கூடாது. அது விரும்புவோருக்கான வசதி, ஒதுக்கிவைக்கும் இடம் அன்று.

திறந்த சில மாதங்களில் அறை காலியாகவே கிடக்கிறது என்று மூடிவிட முனைவோரும் இருப்பார்கள். அதற்குமுன் வளாக வரைபடத்தில் அது குறிக்கப்பட்டிருக்கிறதா, சேர்க்கைக் கையேட்டில் இடம்பெற்றிருக்கிறதா, மாலை வகுப்பு முடியும்வரை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மகப்பேறு விடுப்பிலிருந்து திரும்பியவர்களிடமே கேட்டறிய வேண்டும்.