முதல் வருஷம் ஒரு பலகாரம் போதும்: டொராண்டோ பக்கம் புதிதாக வந்தவர்களுக்குப் பண்டிகைச் சமையல் வழிகாட்டி

நவராத்திரி நெருங்கும்போதே புதிதாக வந்த குடும்பங்கள் கேட்க ஆரம்பித்துவிடும்: தீபாவளிக்கு இங்கே என்ன செய்வது, பொங்கலுக்குப் பானை எங்கே வைப்பது? ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் வீடு என்றால் முறுக்கும் அதிரசமும் தமிழ்க் கடையிலேயே பொட்டலமாகக் கிடைக்கும். வாங்குங்கள், அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் ஒரே ஒரு பலகாரத்தையாவது உங்கள் அடுப்பில், உங்கள் வீட்டு முறைப்படி செய்துவிடுங்கள். ஒன்று போதும். வேலை தேடுவது, வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஆயிரம் அலைச்சலுக்கு நடுவில், ஊரில் அம்மாவும் பெரியம்மாவும் சித்தியும் சேர்ந்து மூன்று நாள் செய்ததை ஒருத்தர் ஒரே ராத்திரியில் செய்யப் போனால் பண்டிகை அன்று உடம்பு படுத்துவிடும். அடுத்த வருஷம் அடுப்பைப் பற்றவைக்கவே மனசு வராது.

எந்தப் பலகாரம் என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். எது இல்லாவிட்டால் பண்டிகை வந்த மாதிரியே இருக்காதோ, அதுதான். ஒரு வீட்டுக்கு அது உளுந்த வடை, இன்னொரு வீட்டுக்குப் பயத்தம் பணியாரம். கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீட்டில் கல்கல், ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சி. ஒன்று மட்டும் சொல்கிறேன், சீடையை முதல் வருஷம் எடுக்காதீர்கள். மாவில் கட்டி இருந்தாலோ உருண்டைக்குள் காற்று அடைத்திருந்தாலோ எண்ணெயில் வெடிக்கும். பழகாத அடுப்பில், சின்ன சமையலறையில், பிள்ளைகள் காலைச் சுற்றும் இடத்தில் அது வேண்டாம்.

அம்மாவிடம் கேட்கும் முறை

தீபாவளிக்கு முந்தின ராத்திரி போன் போட்டு "அதிரசத்துக்கு எவ்வளவு வெல்லம்?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. அவர்களும் அப்போது அடுப்படியில் நிற்பார்கள். மூன்று, நான்கு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள். இங்கே காலை 8 மணி என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் மாலை 5.30. நவம்பர் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள், அதற்குப் பிறகு 6.30.

நம் வீட்டு அளவுகள் உழக்கு, படி, டம்ளர், "அந்த எவர்சில்வர் கிண்ணத்தால ரெண்டு" என்றுதான் இருக்கும். படியும் உழக்கும் ஊருக்கு ஊர் மாறும். இணையத்தில் பார்த்து மில்லிக்கு மாற்றினால் உங்கள் வீட்டு அளவு வராது. அதற்கு ஒரு வழி உண்டு. ஊரில் அந்த உழக்கிலேயே தண்ணீர் நிரப்பி, மளிகைக் கடைத் தராசில் எடை போடச் சொல்லுங்கள். உழக்கின் எடையைக் கழித்தால் மிச்சம் எத்தனை கிராமோ, அத்தனை மில்லி அந்த உழக்கு. இங்கே கடைகளில் கிடைக்கும் அளவுக் கோப்பை 250 மில்லி. இனிமேல் உங்கள் அம்மாவின் உழக்கு இந்தக் கோப்பையில் எவ்வளவு என்று கணக்குப் போட்டு நோட்டில் எழுதிவிடலாம்.

அளவில் அடங்காத விஷயங்களுக்கு வீடியோ. "பாகு எப்பம்மா இறக்கணும்?" என்று கேட்டால் என் அம்மா, "அத எப்படிட்டி சொல்ல, பாத்தாத்தான் தெரியும்" என்பாள். அப்படியானால் பார்க்கத்தான் வேண்டும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் கூட்டி உருட்டினால் உருண்டு வருகிறதே, அந்த நிமிஷத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். மாவு பிசைந்த பதம், எண்ணெயில் போட்டதும் எழும் நுரை, எடுக்கும்போது இருக்கும் நிறம், இவையும் அப்படியே. இந்த வேலையைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சமைத்துக் காட்டக் கூடியவர்கள் நல்ல உடம்போடு இருக்கும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

இங்கத்து அடுப்பு

வாடகை வீடுகளில் பெரும்பாலும் மின்சார அடுப்புதான். சிலதில் சுருள் கம்பி, சிலதில் மேலே வழுவழுப்பான கண்ணாடி. இரண்டிலும் அடி உருண்ட பாத்திரம் நிற்காது. ஊரிலிருந்து தூக்கி வந்த வெண்கலப் பானையும் இருப்புச் சட்டியும் இங்கே ஆடும். அடி தட்டையான, கனமான எவர்சில்வர் பாத்திரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மண்பானையைக் கண்ணாடி அடுப்பில் ஏற்றவே வேண்டாம்.

இதைவிட முக்கியம், அடுப்பைக் குறைத்தாலும் சூடு உடனே குறையாது. காஸ் அடுப்பில் திருகைத் திருப்பினால் தீ இறங்கும். இங்கே கம்பி ஆறும் வரைக்கும் பாத்திரம் கொதித்துக்கொண்டேதான் இருக்கும். பதம் வந்த பிறகு அணைத்தால் பாகு முறுகி அதிரசம் கல்லாகிவிடும். பதம் நெருங்கும்போதே பாத்திரத்தைத் தூக்கிப் பக்கத்துக் கண்ணில் வைத்துவிடுங்கள். எண்ணெய் அதிகமாகக் காய்ந்தாலும் இதே வழிதான். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று விலை அதிகமில்லை. முறுக்குக்கு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டால் பழகாத அடுப்பிலும் தடுமாற்றம் இருக்காது.

அதிரசத்துக்கு அரிசி உலர்த்துவதும் இங்கே வேறு கணக்கு. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும் மாதங்களில் காற்று வறண்டு கிடக்கும். ஊறவைத்து வடித்த பச்சரிசியைத் துணியில் பரப்பிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடாதீர்கள், கால் மணிக்கு ஒரு தடவை அள்ளிப் பாருங்கள். ஈரம் கையில் தெரிய வேண்டும், அரிசி கையில் ஒட்டக் கூடாது. அந்த நேரத்தில் அரைத்துவிட வேண்டும். கடையில் வாங்கும் காய்ந்த அரிசி மாவில் அதிரசம் வராது. அரைக்க ஊர் மிக்ஸியைக் கொண்டுவர வேண்டாம். அங்கே மின்சாரம் 230 வோல்ட், இங்கே 120. இங்கத்து மின்சாரத்துக்கென்றே செய்த மிக்ஸியும் கிரைண்டரும் இந்தியக் கடைகளில் கிடைக்கின்றன.

பொரிக்கும்போது புகை எச்சரிக்கைக் கருவி அலறும். அதன் பாட்டரியைக் கழற்றுவது, பிளாஸ்டிக் பை கட்டி மூடுவது இரண்டும் ஒண்டாரியோவில் சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. அடுப்புக்கு மேலிருக்கும் விசிறியைப் போட்டு, குளிரடித்தாலும் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பொரியுங்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியைப் போட்டு மூடி, அடுப்பை அணைக்க வேண்டும். அதனால் அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தும் மூடி முதலிலேயே பக்கத்தில் இருக்கட்டும். கரி அடுப்பு, பார்பிக்யூ அடுப்பு எதையும் வீட்டுக்குள்ளோ மூடிய கராஜுக்குள்ளோ பற்றவைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும், ஆறவிட்டுப் பாட்டிலில் பிடித்து வையுங்கள்.

பேஸ்மென்டில் குடியிருப்பவர்கள் மேல்வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது: "சனிக்கிழமை எங்களுக்குப் பண்டிகை, கொஞ்சம் பொரிப்போம், உங்களுக்கும் கொண்டுவருகிறேன்." முகம் சுளிக்க இருந்தவர்கள்கூட இப்படிச் சொன்னால் அநேகமாக இறங்கி வருவார்கள்.

சாமான் வாங்க

எல்லாவற்றையும் இந்தியக் கடையில் தேடாதீர்கள். தாய்லாந்து அரிசி மாவு சீனக் கடைகளில் சின்னப் பையில் கிடைக்கும், மூன்று தலை யானை படம் போட்டது. அதில் சிவப்பு எழுத்துப் பைதான் நமக்கு வேண்டிய பச்சரிசி மாவு, கொழுக்கட்டைக்கும் இடியாப்பத்துக்கும் அருமையாக வரும். பச்சை எழுத்து ஒட்டரிசி மாவு, நீலம் மரவள்ளி மாவு. மாற்றி எடுத்தால் முறுக்கு முறுக்காக இருக்காது. வாழை இலை உறைய வைத்ததாக அதே கடைகளிலும் பிலிப்பினோ கடைகளிலும் உண்டு. எடுத்து உறைபனி விடும்வரை வெளியே வைத்து, சூடான அடுப்பின் மேலே ஒரு தடவை காட்டினால் இலை கிழியாமல் மடங்கும். சேப்பங்கிழங்கும் வாழைக்காயும் கரீபியக் கடைகளில் நன்றாக இருக்கும். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பொங்கலுக்குக் கிழங்கெல்லாம் போட்டுக் குழம்பு வைப்போம், அதற்கான சிறுகிழங்கு மலையாளிகள் கடையில் உறைய வைத்த பையில் கிடைக்கும், கூர்க்கா என்று கேளுங்கள். பச்சை மொச்சை குஜராத்தி சாமான் வைத்திருக்கும் கடையின் ஃப்ரீசரில் இருக்கும். கரும்பும் மஞ்சள் கொத்தும் ஜனவரி முதல் வாரத்திலேயே தமிழ்க் கடையில் சொல்லி வையுங்கள்.

தை பிறக்கும்போது

பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. வெளியே பனி குவிந்து கிடக்கும். டொராண்டோவில் அந்த நாட்களில் சூரியன் உதிக்க ஏறக்குறைய 7.50 ஆகிவிடும். வேலைக்கும் பள்ளிக்கும் போக வேண்டிய நாளிலும் பிள்ளைகளை எழுப்பி நிறுத்த அது வசதிதான். கிழக்கு பார்த்த ஜன்னல் எது என்று முந்தின நாளே பார்த்து வையுங்கள். தனியாக வைக்கும் சின்ன மின்சார அடுப்பு இருந்தால், விளிம்புள்ள பெரிய தட்டில் வைத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோகலாம். திரைச்சீலையை நன்றாக ஒதுக்கிக் கட்டிவிட வேண்டும்.

பால் பொங்கி வழியத்தான் வேண்டும், அதுதானே பொங்கல். வெறும் பாலும் தண்ணீருமாக இருக்கும்போதே பொங்கவிட்டு, எல்லோரும் பொங்கலோ பொங்கல் சொல்லி முடித்த பிறகு அரிசியையும் பருப்பையும் போடுங்கள். பச்சரிசி ஒரு கோப்பை என்றால் வறுத்த பாசிப்பருப்பு கால் கோப்பை, வெல்லம் இரண்டு கோப்பை. அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் வெல்லம் சேர வேண்டும், வெல்லம் விழுந்தபின் அரிசி வேகாது. வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டி, அடுப்பைக் குறைத்துவிட்டு ஊற்றினால் பால் திரியாது. வெல்லப் பாகு கண்ணாடி அடுப்பில் சிந்தினால் கண்ணாடியே பொத்துப்போகும், பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்கள் பொங்கலையும் ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள். சிவப்புப் பச்சையரிசி, வறுத்த பயறு, தேங்காய்ப்பால் சேர்த்துப் பொங்குவார்கள். இங்கே தமிழர் என்றால் பெரும்பாலும் ஈழத்திலிருந்து வந்தவர்கள். கடைகளும் கோயில்களும் சங்கங்களும் அவர்கள் உழைப்பில் வளர்ந்தவை. ஒண்டாரியோ 2014இலும் கனடா நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. அதனால் மாதம் முழுக்க எங்காவது ஒரு மண்டபத்தில் பொங்கல் விழா நடக்கும். போங்கள். முதல் வருஷம் யாரையும் தெரியாமல் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பரிமாறும் வேலைக்கு ஆள் தேவைப்படும், கையைக் கொடுத்தால் நாலு பேர் பழக்கமாகிவிடுவார்கள்.

பள்ளிக்கும் பக்கத்து வீட்டுக்கும்

பிள்ளை வகுப்புக்குப் பலகாரம் கொடுத்துவிட ஆசையாக இருக்கும். முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். ஒண்டாரியோவில் 2006 முதல் நடப்பில் இருக்கும் சப்ரினா சட்டம், ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைக் காக்கப் பள்ளிகளுக்குக் கடமை விதிக்கிறது. 13 வயதில் பள்ளியில் சாப்பிட்ட உணவால் உயிரிழந்த ஒரு மாணவியின் பெயரில் வந்த சட்டம் அது. அந்தப் பெண்ணுக்கு எமனானது பால் சேர்ந்த பொருள். நமக்கு நெய் என்பது சாதாரணம், அவர்களுக்கு அது அப்படி இல்லை. முந்திரி, வேர்க்கடலை மட்டும் என்று நினைக்காதீர்கள். எள்ளும் கடுகும்கூடக் கனடாவின் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கின்றன. கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அரிசி முறுக்குதானே என்று கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது.

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று சின்னத் துண்டுத் தாளில் எழுதி டப்பாவில் ஒட்டுங்கள். எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதையும் எழுதினால் இன்னும் நல்லது. நிறையக் கொடுக்க வேண்டாம், ஆளுக்கு இரண்டு மூன்று போதும். முறுக்கு எல்லோருக்கும் பிடித்துவிடுகிறது, அதிரசத்துக்குப் பழக்கம் வேண்டும். திரும்பி அவர்கள் தங்கள் பண்டிகைக்கு ஏதாவது கொண்டுவந்தால், சைவம் சாப்பிடும் வீடு என்பதைத் தயங்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு மாவு பிழியும் வேலையைக் கொடுங்கள், காய்ந்த எண்ணெய்ப் பக்கம் விடாமல் தாளிலோ கரண்டியின் முதுகிலோ பிழியட்டும். வளைந்தும் நெளிந்தும் வந்ததை நீங்கள் எடுத்துப் போடுங்கள். வளர்ந்த பிள்ளையாக இருந்தால் நோட்டில் எழுதும் வேலை அவனுக்கு: என்ன அரிசி, எவ்வளவு தண்ணீர் பிடித்தது, எந்த அடுப்புக் கண்ணில் எந்த எண்ணில் வைத்தோம். அடுத்த வருஷம் பாதி வேலை குறைந்துவிடும், இரண்டாவது பலகாரத்தைச் சேர்க்கத் துணிவும் வரும்.

ஊரிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் அரிசியையும் பருப்பையும் சுமக்கச் சொல்லாதீர்கள். பித்தளை முறுக்கு அச்சு, வீட்டு உழக்கு, தேய்ந்துபோன பணியாரக் கரண்டி, இவற்றைக் கேளுங்கள். பச்சை இலை, செடி, மண் ஒட்டிய கிழங்கு எதுவும் வேண்டாம், எல்லையில் எடுத்துவிடுவார்கள். தின்பண்டம் எதுவானாலும் விமான நிலையத்தில் சுங்க அறிவிப்பில் இருக்கிறது என்று சொல்லிவிடச் சொல்லுங்கள். சொன்னால் அதிகம் போனால் ஒரு பொட்டலம் போகும், சொல்லாமல் மாட்டினால் அபராதம்.