மாமரத்தில் நீள்கொம்பு வண்டைக் கணக்கெடுப்பது எப்படி?

ஜெயநகரில் எங்கள் வீட்டருகே உள்ள பூங்காவில் பதினாறு மாமரங்கள். போன வருடம் பத்து மரங்களில் வண்டு இருப்பதாக எழுதிவைத்தேன். மறுபடி பார்த்தபோது மூன்றில்தான் இருந்தது. எங்கே பிசகியது என்று இப்போது தெரியும்.

நாம் தேடுவது பட்டோசெரா ரூஃபோமாக்குலேட்டா என்ற நீள்கொம்பு வண்டு. ஏறக்குறைய 5 செ.மீ. நீளம், சாம்பல் நிறம், கழுத்துப் பட்டையில் இரண்டு செம்புள்ளிகள். கையில் எடுத்தால் கீச்சென்று சத்தமிடும். ஆனால் வண்டைப் பார்ப்பது அபூர்வம். புழுவாக மரத்துக்குள்ளேதான் அதன் வாழ்நாளில் பெரும்பகுதி போகிறது. அதனால் துளைகளைத் தேட வேண்டும். ஸ்வீடனின் பழைய பைன் காடுகளில் டிராகோசோமா டெப்சேரியம் என்ற அரிய நீள்கொம்பு வண்டைத் தேடுபவர்களும் விழுந்து கிடக்கும் கட்டைகளில் துளைகளைத்தான் பார்க்கிறார்கள்.

படி 1: பூங்கா அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். மரங்களுக்கு எண் கொடுங்கள்.

படி 2: தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுங்கள். தையல் டேப்தான் சரி, கயிறு நீண்டுவிடும். துளை இல்லாத மரத்தையும் ‘இல்லை’ என்று எழுதுங்கள்.

படி 3: நான் சறுக்கியது இங்கேதான். அடிமரத்தில் மரத்தூள் கிடந்தாலே புழு இருக்கிறது என்று நினைத்தேன். தூள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பெயின்ட் பிரஷால் துளை வாயையும் அடியையும் சுத்தமாகத் துடையுங்கள், போட்டோ எடுங்கள், ஒரு வாரம் கழித்து வாருங்கள். வெளிர் நிறத்தில், விரலில் ஈரமாக ஒட்டும் நார்த்தூள் புதிதாக வந்திருந்தால் புழு உயிரோடு தின்றுகொண்டிருக்கிறது. ஒன்றும் வரவில்லையா? அதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். சுண்டுவிரல் நுழையும், தூளே இல்லாத வட்டத் துளை என்றால் வண்டு வெளியேறிவிட்டது.

துளையில் களிமண் பூசியிருந்தால் தோட்டக்காரர் அண்ணனிடம் கேளுங்கள். மருந்துப் பஞ்சு வைத்து அடைத்திருப்பார். கிளறாதீர்கள்.

படி 4: முதல் மழைக்குப் பிறகு, இரவில் வெள்ளை வேட்டியைத் திரைபோலக் கட்டி அதன்முன் விளக்கு வையுங்கள். எனக்குப் புற ஊதா விளக்குதான் பிடிக்கும். வந்த வண்டைப் படமெடுத்து விட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: இரண்டு பேர் அனுப்பிய படங்களில் பட்டைமேல் தூளும் நூலும் பின்னிய நீளத் திட்டு இருந்தது. அது பட்டை தின்னும் புழு, அந்துப்பூச்சி வகை. நம் கணக்கில் சேராது. காய்ந்த கிளையில் சுத்தமான வட்டத் துளை இருந்தால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கருவண்டுபோலத் தச்சுத்தேனீ வந்து நுழையும்.