எஸ்.எஃப்.டி.பி. சாவி: பயனரிடம் கேட்க வேண்டியது ஒரே வரி

கணினிப் பழக்கம் குறைந்தவர்களுக்கு எஸ்.எஃப்.டி.பி. (சர்வரோடு பாதுகாப்பாகக் கோப்புப் பரிமாறும் முறை) வழியாக நுழையச் சாவி அமைக்கும்போது பெரும்பாலும் சிக்குவது சாவி உருவாக்கும் நிரலான புட்டிஜென்னின் ‘சேவ் பப்ளிக் கீ’ பொத்தானில்தான். அது பொதுச் சாவியைப் பல வரிகளாகச் சேமிக்கும். ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரில் அனுமதித்த சாவிகள் இருக்கும் ‘ஆத்தரைஸ்டு கீஸ்’ கோப்புக்கு அந்த வடிவம் ஆகாது. அதனால் எட்25519 வகையைத் தேர்ந்து சாவி உருவாக்கியதும், மேல் பெட்டியில் இருக்கும் வரியை மட்டும் கேட்கிறேன். பெட்டி சின்னது, ‘செலக்ட் ஆல்’ கொடுக்காமல் மௌஸால் இழுத்தால் வால் அறுந்துவிடும்.

ரகசியச் சாவி உள்ள பிபிகே கோப்பு அவர்கள் கணினியிலேயே இருக்கட்டும். மெயிலில் அனுப்பிவிட்டார்களா? அந்தச் சாவி செத்தது, புதிது போடுங்கள்.

சர்வரில் எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு அனுமதி எண் 700, ‘ஆத்தரைஸ்டு கீஸ்’ கோப்புக்கு 600. அப்படியும் மறுத்தால் ஹோம் ஃபோல்டரைப் பாருங்கள்: குழுவுக்கு எழுதும் அனுமதி இருந்தால் சர்வர் சாவியை ஏற்காது. பயனர் கோப்பு அனுப்பும் ஃபைல்ஜில்லா நிரலில் லாகான் டைப் ‘கீ ஃபைல்’ என்று வையுங்கள்.