முதலில் லைன், பிறகுதான் கைப்பேசி

கோலாலம்பூர் லோ யாட்டிலோ பினாங்கு பிராங்கின் மாலிலோ போனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கடையில் காட்டும் பிளானுக்குத் தலையாட்டுவதுதான் பலரின் வழக்கம். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

எந்த நிறுவனத்தின் லைன் நல்லது என்று நண்பரைக் கேட்டுப் பயனில்லை. அவர் வீட்டுச் சிக்னல் உங்கள் வீட்டில் இருக்காது. பினாங்கில் மலை குறுக்கே நிற்பதால், ஜார்ஜ் டவுனில் வேகமாக ஓடும் லைன் பாலிக் புலாவில் தடுமாறலாம். கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் சிக்னலைத் தடுக்கக் கான்கிரீட் சுவரே போதும். ஆகவே மாக்சிஸ், செல்காம்டிஜி, யூ மொபைல் ஆகியவற்றில் இரண்டின் பிரிபெய்ட் சிம்மை வாங்கி, இரட்டை சிம் போனில் ஒரு வாரம் சோதியுங்கள். படுக்கையறை, வேலையிடம், கீழ்த்தளக் கார் நிறுத்தம், தினமும் போகும் ரயில் பாதை என எல்லா இடத்திலும் பாருங்கள். வேகத்தை இரவு 8 மணிக்கு மேல் அளந்து பாருங்கள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் படம் பார்க்கும் நேரம் அது. காலை வேகத்தை நம்ப வேண்டாம்.

பிளானுக்கு, போன மாதம் எத்தனை ஜிபி செலவானது என்று போனின் செட்டிங்கில் பாருங்கள். ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும்? ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு உண்டா? மடிக்கணினியை போனில் இணைத்து வேலை செய்பவர்களுக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

‘இலவச’ போனுக்குக் கணக்குப் போட்டே ஆக வேண்டும். மாதம் 98 ரிங்கிட், 24 மாத ஒப்பந்தம் என்றால் மொத்தம் 2,352 ரிங்கிட். போன் இல்லாத 40 ரிங்கிட் பிளானுக்கு அதே காலத்தில் 960. வித்தியாசம் 1,392. அந்த போன் கடையில் 1,200க்குக் கிடைத்தால், இலவசம் என்ற பேரில் 192 ரிங்கிட் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். போஸ்ட்பெய்ட் பில்லில் 6% சேவை வரியும் சேரும். இடையில் நிறுத்தினால் அபராதம் எவ்வளவு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

இனி போன். விலை குறைவாகத் தரும் ‘ஏபி செட்’ வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்தது. உத்தரவாதம் பெரும்பாலும் கடையோடு சரி. அதைவிடப் பெரிய சிக்கல் அழைப்பில் வரும். மலேசியாவில் 3ஜி சேவை 2021 கடைசியில் நிறுத்தப்பட்டது. உங்கள் லைனில் வோல்டி (4ஜி வழியே அழைப்புப் பேசும் வசதி) வேலை செய்யாத போன், அழைப்பு வந்ததும் 2ஜிக்கு இறங்கிவிடும். பேசும்வரை இணையம் நின்றுவிடும். பணம் கட்டுமுன் உங்கள் சிம்மைப் போட்டு யாரையாவது அழையுங்கள். பேசிக்கொண்டே, வைஃபையை அணைத்துவிட்டு ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் அந்த செட் வேண்டாம். அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14க்கு சிம் துளையே கிடையாது, போனுக்குள்ளேயே இருக்கும் இசிம் மட்டும்தான். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணும் (போனின் அடையாள எண்) பெட்டியில் உள்ள ஐஎம்இஐ எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பழைய எண்ணோடு லைன் மாறும்போது, பழைய லைனை நீங்களே முதலில் ரத்து செய்யாதீர்கள். எண் கையைவிட்டுப் போய்விடும். புதிய நிறுவனத்திடம் விண்ணப்பித்தால் போதும். நிலுவைப் பில்லைக் கட்டிவிடுங்கள், பிரிபெய்ட் மிச்சத்தைச் செலவழித்துவிடுங்கள். அது புதிய லைனுக்கு வராது. இரண்டு பக்கமும் ஒரே பெயர், ஒரே அடையாள அட்டை எண் இருக்க வேண்டும். அப்பா பெயரில் எடுத்த பழைய சிம் என்றால், முதலில் பெயரை மாற்றுங்கள்.