அனுப்பும் பொத்தானுக்கு முன்: மாணவர்களுக்கு இணைய ஒழுக்கத்தைக் கற்பிக்கும் முறை

இணையத்தில் செய்யக்கூடாதவற்றின் பட்டியலை வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைப்பதால் பெரிய பயன் விளைவதில்லை. அதில் உள்ளவை எல்லாம் மாணவர்களுக்கு முன்பே தெரியும். கேட்டால் ஆசிரியரைவிடத் தெளிவாகவே ஒப்பிப்பார்கள். ஆனால் இரவு பத்து மணிக்கு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைக் கேலி செய்யும் படம் வந்து விழும்போது அந்தப் பட்டியல் நினைவுக்கு வருவதில்லை. ஆகவே அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் சில நொடிகள் நிற்கும் பழக்கத்தையே முதலில் பயிற்றுவிக்க வேண்டும்.

நேரில் பேசும்போது எதிரே இருப்பவரின் முகம் வாடுவதைக் கண்டு நாக்கு தானாக அடங்குகிறது. திரையில் அந்த முகம் இல்லை. பெயரை மறைத்துக்கொள்ள முடிவதும், எதிராளியைப் பார்க்காமலே எழுத முடிவதும், பதிலை உடனே எதிர்கொள்ள வேண்டியிராததும் சேர்ந்து மனிதரின் இயல்பான தயக்கத்தைத் தளர்த்திவிடுகின்றன என்று உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் விளக்கினார். இதே தளர்வு சிலரை மனம்விட்டுப் பேசவும் முன்பின் அறியாதவருக்கு ஆறுதல் சொல்லவும் தூண்டுகிறது என்பதையும் அவர் சேர்த்தே குறிப்பிட்டார். மாணவர்களிடம் இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள். இணையத்தைத் தீயது என்று மட்டும் சித்திரிப்பவரின் பேச்சை அவர்கள் காது கொடுத்துக் கேட்பதில்லை.

இதை உணர்த்த எளிய பயிற்சி ஒன்று உண்டு. கேலி படிப்படியாக முற்றும் ஒரு கற்பனைக் குழு உரையாடலை எழுதி, தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். வகுப்பின் முன் ஒரு காலி நாற்காலியை வைத்து, அந்த வரிகளை அதை நோக்கி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். திரையில் வேடிக்கையாகத் தோன்றிய வரி வாயிலிருந்து வரும்போது உறுத்தும். நாற்காலியில் ஒரு மாணவரை அமர்த்த வேண்டாம். நடிப்பு என்றாலும் அந்தச் சொற்கள் அவரோடு ஒட்டிக்கொள்ளும். உண்மையில் நடந்த சம்பவத்தை எடுத்துக்கொள்ளவும் கூடாது, பெயரை மாற்றினாலும் யாரென்று வகுப்பு கண்டுபிடித்துவிடும்.

வாசித்து முடிந்ததும் கவனத்தைப் பேசாதவர்கள்மீது திருப்புங்கள். 40 பேர் உள்ள குழுவில் ஒருவர் கேலி செய்கிறார், ஒருவர் புண்படுகிறார் என்றால், மீதி 38 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான மாணவர்கள் வாழ்நாள் முழுவதும் இந்த 38 பேரில் ஒருவராகவே இருப்பார்கள். நம் பாடங்களோ கேலி செய்பவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் மட்டுமே எழுதப்படுகின்றன. அந்த மௌனம் பாதிக்கப்பட்டவருக்குச் சம்மதமாகவே தோன்றும். அதற்காக, எல்லோர் முன்னிலையிலும் எதிர்த்துப் பேசு என்று ஒரு பிள்ளையைத் தூண்டினால், கேலி அவர் பக்கம் திரும்பக்கூடும். அவரால் உண்மையில் முடிந்தவற்றைக் கற்பியுங்கள்: சிரிப்புக்குறியும் லைக்கும் இடாமல் இருப்பது, பேச்சை வேறு திசைக்கு மாற்றுவது, புண்பட்டவருக்குத் தனியாக ‘அது சரியில்லை, நான் உன் பக்கம்தான்’ என்று ஒரு வரி எழுதுவது, மிரட்டலாக மாறினால் நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் சொல்வது. அந்த ஒரு வரியை வகுப்பிலேயே அவரவர் சொற்களில் எழுதிப் பார்க்கச் செய்யுங்கள்.

அடுத்தது, பிறருடைய படமும் பேச்சும் பற்றிய அனுமதி. தனிப்பட்ட உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மூன்றாமவருக்கு அனுப்புவது நம்பிக்கைத் துரோகம் என்பது பலருக்கு உறைப்பதே இல்லை. அனுப்பியதை அழித்துவிடலாம் என்ற துணிச்சலும் உண்டு. அனுப்பியதை எல்லோருடைய திரையிலிருந்தும் அழிக்கும் வசதி வாட்ஸ்அப்பில் 2017 முதல் இருந்தாலும், அதற்குள் எடுக்கப்பட்ட பிரதியை அது எட்டாது. கைபேசியில் எடுத்த படத்தின் கோப்பிலேயே எடுத்த நேரமும் சில சமயம் இடமும் பதிவாகியிருக்கும் என்பதையும் ஒரு மாதிரிப் படத்தைக் கொண்டு காட்டலாம்.

பொய்ச் செய்தியைப் பரப்புவதும் ஒழுக்கத்தைச் சேர்ந்ததே. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய செய்திகளை ஆராய்ந்து 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்றும், அதற்குத் தானியங்கிக் கணக்குகளைவிட மனிதர்களே காரணம் என்றும் கண்டது. ஆகவே ‘இதை ஃபார்வர்டு செய்தவன் நான் மட்டுமா?’ என்ற சமாதானம் செல்லாது. சரிபார்க்கக் கற்பிக்கும்போது, செய்தி வந்த பக்கத்தையே திரும்பத் திரும்ப உற்றுப் பார்க்கச் சொல்லாமல், அதைவிட்டு வெளியேறி, வெளியிட்டவரைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று புதிய சாளரத்தில் தேடச் சொல்லுங்கள். தொழில்முறைச் சரிபார்ப்பாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

பிறர் படைப்பை எடுத்தாளும்போது பெயரும் மூலமும் குறிப்பிடுவதையும், செயற்கை நுண்ணறிவின் உதவியைப் பெற்றால் எந்த அளவுக்கு என்று சொல்வதையும் தனிப் பாடமாக்காமல் எல்லாப் பாடங்களின் ஒப்படைப்பிலும் வழக்கமாக்கிவிடுவது நல்லது. வயது பற்றியும் ஒரு சொல்: பல சமூக வலைத்தளங்கள் 13 வயதை எல்லையாக வைத்திருப்பதற்கு குழந்தைகளின் இணையத் தனியுரிமையைக் காக்கும் அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டமே முக்கியக் காரணம். கணக்குத் தொடங்கப் பிறந்த ஆண்டை மாற்றிச் சொல்வதே பல பிள்ளைகளின் முதல் இணையப் பொய்யாக அமைகிறது, அதுவும் சில வேளைகளில் பெற்றோரின் துணையுடன். பெற்றோர் கூட்டத்தில் இதை வெளிப்படையாகப் பேசலாம்.

தவறு நடந்த பிறகு என்ன செய்வது என்பதை முன்னதாகவே அறிவித்துவிடுங்கள். சொன்னால் கைபேசி பறிபோகும் என்ற அச்சமே பிள்ளைகளை வாய்மூட வைக்கிறது. உதவி கேட்டு வருபவரின் கைபேசி பறிக்கப்படாது என்று உறுதி கூறி, அதைக் காப்பாற்றவும் வேண்டும். சிறு தவறுகளில், தண்டனைக்கு முன் சீர்செய்யும் வாய்ப்பைக் கொடுங்கள்: பதிவை நீக்குதல், எந்தக் குழுவில் அவமதித்தாரோ அங்கேயே வருத்தம் தெரிவித்தல், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மட்டும் நேரில் பேசுதல். அந்தரங்கப் படம், மிரட்டிப் பணம் கேட்டல் போன்றவை வந்தால் வகுப்பறை விசாரணை கூடாது. ஆசிரியர் அந்தப் படத்தை ஆதாரத்துக்காகக்கூடத் தம் கைபேசிக்கு மாற்றிக்கொள்ளாமல், பள்ளியில் பொறுப்பானவருக்கும் உரிய அதிகாரிகளுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

இவ்வளவும் கற்பிக்கும் ஆசிரியர், மாணவர்களின் மதிப்பெண் பட்டியலைப் பெற்றோர் குழுவில் போட்டால் பாடம் அங்கேயே முடிந்துவிடும். விழாப் படங்களைப் பதிவேற்றும் முன் பெற்றோரின் ஒப்புதலோடு நிறுத்திக்கொள்ளாமல், படத்தில் இருக்கும் பிள்ளைகளிடமும் கேளுங்கள். ஒருவர் வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.