காதில் இரைச்சல்: எப்போது பொறுக்கலாம், எப்போது ஓட வேண்டும்?

ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்ததும் காதுக்குள் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம். வெளியே எதுவும் ஒலிக்கவில்லை. இதற்கு டின்னிடஸ் என்று பெயர். பெரும்பாலும் ஆபத்தில்லாதது. சத்தம் பெரிதா சிறிதா என்பதைவிட, கூடவே வேறென்ன வந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

படி 1: போனை முதலில் ஒரு காதில், அப்புறம் மறு காதில் வைத்துக் கேளுங்கள். ஓரிரு நாளுக்குள் திடீரென ஒரு காது மந்தமாகிவிட்டதா? அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். நிறையப் பேர் ஏமாறும் இடம் இதுதான். உள்காது நரம்பு பாதிக்கப்பட்டாலும் காது அடைத்த மாதிரிதான் இருக்கும். சளி, குறும்பி, தானாகச் சரியாகும் என்று நாளைக் கடத்திவிடுகிறார்கள். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் 2 வாரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் தொடங்கினால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம்.

வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகியும் பார்க்கலாம். அடைத்த காதில் பெரிதாகக் கேட்டால் குறும்பி போன்ற அடைப்பாக இருக்கலாம். நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் நரம்பின் மேல் சந்தேகம். இது வெறும் குறிப்புதான். இதை நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 2: தலையில் அடிபட்ட பிறகு வந்த சத்தமா? முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? நிற்க முடியாமல் தலை சுற்றுகிறதா? நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சத்தம் தாங்காமல் வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலும் அப்படித்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 3: மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். துடிப்புக்குத் துடிப்பு 'உஸ்... உஸ்...' என்று கேட்டால் ரத்தக்குழாய்களைச் சோதிக்க ஸ்கேன் தேவைப்படலாம். ஒரே காதில் மட்டும் விடாமல் கேட்டாலும் சீக்கிரம் காட்டுங்கள்.

படி 4: இது எதுவுமே இல்லையா? சரி, பதற்றம் வேண்டாம். ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றதால் வந்த இரைச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஒரு வாரம் தாண்டினாலோ தூக்கம் கெட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள், குறும்பி இன்னும் உள்ளேதான் போகும்.

மருத்துவரிடம் போகும்போது, நீங்கள் சாப்பிட்டுவரும் மாத்திரைகளின் பெயர்களை எழுதி எடுத்துப்போங்கள். அதிக அளவு ஆஸ்பிரின்கூட இரைச்சலைக் கிளப்பும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.