வாசலில் கோலம் இல்லையென்றால் யார் கேட்பார்கள்? வான்கூவருக்கு வந்திறங்கும் நெல்லைக்காரர்களுக்கு

நெல்லை வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் காலை ஏழு மணி தாண்டியும் ஒரு வீட்டு வாசலில் கோலம் விழவில்லை என்றால் எதிர்வீட்டு ஆச்சி சும்மா இருக்க மாட்டாள். "ஏளா, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டுக்கொண்டே வந்து கதவைத் தட்டிவிடுவாள். அதற்குப் பெயரெல்லாம் கிடையாது, தெருவென்றால் அப்படித்தான்.

கனடாவில் வான்கூவருக்கோ பக்கத்தில் சர்ரே, பர்னபிக்கோ வந்து இறங்கியிருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்த வாரமே ஒன்றை யோசியுங்கள். இரண்டு நாள் நீங்கள் வெளியே தலை காட்டவில்லை என்றால் யார் வந்து கதவைத் தட்டுவார்கள்? ஊரில் இருக்கிற அண்ணன் பெயரைச் சொல்லாதீர்கள். இங்கே விடியும்போது அங்கே இருட்டிவிடும், பாவம் அவர் அங்கிருந்து என்ன செய்ய முடியும். அரைமணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஓர் ஆளின் பெயர் வேண்டும். சட்டென்று பெயர் வரவில்லையா, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வந்த புதிதில் எனக்கும் வரவில்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு உறைத்தது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி கரை தாண்டி வந்த அந்த இரண்டு நாட்கள். அம்மா வண்ணாரப்பேட்டை வீட்டில் தனியாக இருந்தாள். என்னிடம் இருந்தது பாளையங்கோட்டை அத்தானின் எண் ஒன்றுதான். அம்மா போனும் அடிக்கவில்லை, அத்தான் போனும் அடிக்கவில்லை. நான் இங்கே சமையலறைத் தரையில் உட்கார்ந்து அந்த இரண்டு எண்களையும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருந்தேன், இரண்டு இரவு. மூன்றாம் நாள்தான் தெரிந்தது, பின்வீட்டுக் கல்லூரிப் பிள்ளை தண்ணீர் ஏறுவதற்கு முன்பே அம்மாவைக் கைத்தாங்கலாகத் தன் வீட்டு மாடிக்குக் கூட்டிப்போய், கஞ்சி வைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பிள்ளையின் பெயர்கூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தால் அம்மாவைச் சுற்றி ஐந்தாறு பேர் எப்போதும் இருந்திருக்கிறார்கள்: அத்தான், பின்வீட்டுப் பிள்ளை, மருந்துக்கடை அண்ணாச்சி, வேலைக்கு வரும் அக்கா, எதிர்வீட்டு ஆச்சியின் மகன். ஆனால் ஒருவர் எண் இன்னொருவரிடம் இல்லை. அத்தானுக்கு அண்ணாச்சியைத் தெரியாது, என்னிடம் அத்தானைத் தவிர யார் எண்ணும் இல்லை.

மாட்டுவண்டிச் சக்கரம் பார்த்திருப்பீர்கள். குடத்திலிருந்து ஆரக்கால் எத்தனை நீட்டினாலும், சுற்றி வட்டை போட்டு ஒன்றோடொன்று சேர்க்கவில்லை என்றால் அது உருளாது. நம்மில் பலருக்கு ஆரக்கால் இருக்கிறது, வட்டைதான் இல்லை.

இதை முறையாகவே செய்து காட்டியவர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பெற்ற சில குடும்பங்கள், "நமக்குப் பிறகு இதுகளுக்கு யார்?" என்ற கவலையில் 1989-இல் வான்கூவர் பகுதியில் பிளான் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். காசு சேர்த்து வைத்தால் மட்டும் போதாது, பிள்ளையை விரும்பி வந்து பார்க்கிற நாலு பேர் வேண்டும், அந்த நாலு பேரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கண்டுகொண்டது. அதற்கென்று ஒருவரை நியமித்தார்கள். அவர் அந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு, ஆட்களைத் தேடி, கூப்பிட்டு, கூட்டி வைத்து, தொய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வார். கல்யாண வீட்டில் பந்தியைவிட்டு நகராமல், எந்த இலையில் சொதி விழவில்லை என்று பார்த்துக்கொண்டே நிற்கிற மாமா ஒருவர் இருப்பாரே, அந்த வேலைதான். உங்கள் வட்டத்துக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். யாரும் முன்வரவில்லை என்றால் அது நீங்கள்தான்.

சரி, ஆளுக்கு எங்கே போவது? வாரம் ஒருமுறை, ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடம். நூலகத்தில் நடக்கும் ஆங்கில உரையாடல் குழு, நீங்கள் குடியிருக்கும் பகுதியின் சமூக மையம், கோயில், சர்ச், பள்ளிவாசல், எதுவானாலும் சரி. பத்து இடத்துக்கு ஒவ்வொரு முறை போவதைவிட ஓர் இடத்துக்குப் பத்து முறை போங்கள். நாலாவது வாரம் நீங்கள் போகாவிட்டால், "போன வாரம் காணோமே" என்று யாராவது கேட்பார்கள், அங்கே தொடங்குகிறது எல்லாம். நிரந்தர வதிவிடம் வாங்கி வந்தவர்களுக்கு ஆங்கில வகுப்பு இலவசம். மொழியைவிட, அந்த வகுப்பில் பக்கத்து நாற்காலிக்காரர் முக்கியம்.

ஈழத்துக் குடும்பங்களைச் சந்திப்பீர்கள். அவர்கள் "கதைப்பம் வாங்கோ" என்பார்கள், தயங்காமல் போங்கள். இன்னொன்றையும் மனதில் பட்டபடியே சொல்லிவிடுகிறேன். ஊர், சாதி, மதம் பார்த்து வட்டத்தைக் குறுக்காதீர்கள். நம்ம ஆளு நம்ம ஆளு என்று தேடிக்கொண்டிருந்த ஒரு தம்பி ஆறு மாதம் அறைக்குள்ளேயே கிடந்தான். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது ரசம் கேட்டுத் தெரிந்துகொண்டு வைத்துக் கொடுத்தவர் கீழ்வீட்டுப் பிலிப்பினோ அம்மா.

அதிகம் தனித்துப்போவது வேலைக்கு வந்தவர் அல்ல, கூட வந்தவர். மனைவிக்குச் சொந்தமாக ஒரு போன் எண், ஒரு வங்கிக் கணக்கு, பஸ்ஸிலும் ரயிலிலும் போக ஒரு காம்பஸ் அட்டை, இந்த மூன்றும் முதல் வாரத்திலேயே. கணவர் வந்தால்தான் வெளியே போக முடியும் என்ற நிலைமை ஒரு மாதம் நீடித்தால் அதுவே பழகிவிடும். அப்புறம், பெற்றோர் வந்து நீண்ட நாள் தங்குவதற்கான சூப்பர் விசாவில் வரும் அப்பா அம்மா. ஊரில் உப்புக்கு ஒருமுறை, பூவுக்கு ஒருமுறை, சும்மா ஒருமுறை என்று நாலு தடவை தெருவில் இறங்கியவர்களை, டிசம்பரில் நாலேகாலுக்கே இருட்டிவிடும் ஊரில் பூட்டிய வீட்டுக்குள் டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு நாம் வேலைக்குப் போய்விடுகிறோம். ஒரே கட்டடத்தில், ஒரே பஸ் வழியில் இருக்கும் இன்னொரு தாத்தாவையோ ஆச்சியையோ கண்டுபிடித்துக் கொடுங்கள். பஞ்சாபி பேசுகிறவராக இருந்தாலும் பரவாயில்லை, நடைக்குப் பாஷை வேண்டாம்.

உதவி கேட்பதற்கு நமக்கு நாக்கு எழாது, "எதுக்கு அடுத்தவங்களுக்குச் சிரமம்" என்று விட்டுவிடுவோம். கேட்டாலும் "ஏதாவதுன்னா பாத்துக்கோங்க" என்போம். அப்படிக் கேட்டால் எதிராளிக்கு என்ன செய்வதென்று தெரியாது. "வியாழக்கிழமை சாயங்காலம் அரைமணி நேரம் எங்க அம்மாகூட நடக்க வர முடியுமா?" என்று கேளுங்கள். முடியும், முடியாது என்று பதில் வரும். வந்தவருக்கு நீங்களும் ஏதாவது செய்யுங்கள், வாங்கிக்கொண்டே இருக்கிற உறவு நிற்காது. இரண்டு மூன்று பேர் சேர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஒன்றாக வீட்டுக்குக் கூப்பிட்டுக் கூட்டாஞ்சோறு வையுங்கள். அவர்கள் தங்களுக்குள் எண் மாற்றிக்கொள்வதுதான் அன்றைய வேலை, சாப்பாடு அதற்குச் சாக்கு.

ஊரில் இருப்பவர்களுக்கும் இதையே செய்யுங்கள். அந்த வெள்ளத்துக்குப் பிறகு வந்த பொங்கலுக்கு, அத்தானையும் அண்ணாச்சியையும் மற்ற மூவரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு போட்டேன். அம்மா காலையில் கோலத்தைப் படம் எடுத்துப் போடுவாள். எட்டு மணி வரை படம் வரவில்லை என்றால் அண்ணாச்சி கடைப் பையனை அனுப்பிவிடுவார். போன ஆவணியில் ஒருநாள் அப்படி அனுப்பியபோது அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள், பத்து மணிக்கெல்லாம் டாக்டரிடம் கொண்டுபோய்விட்டார்கள்.

எண்களையும் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். இங்கே அவசரத்துக்கு 911, எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று கேட்க 211, மனம் தாங்கவில்லை, உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்றால் எந்த நேரமும் 988. ஊரில் முதியவர்களுக்கு 14567, மனநலத்துக்கு 14416. அதற்குக் கீழே, கதவைத் தட்ட வரப்போகிறவரின் பெயரும் எண்ணும். வீட்டுச் சாவி ஒன்றையும் அவரிடம் கொடுத்து வையுங்கள்.